பேரனுக்கு முடி எறக்கின சாமி

ஆவணி, வெள்ளிக்கிழமை.

இன்னிக்குத் தேவாரம் ஊர்ல, மருமக வீட்டுக் குலசாமி கோயில்ல வச்சுப் பேரனுக்கு முதல் மொட்டை போட்டாக. முறைப்படி எங்க சாமிக்குத்தான் முடி எறக்கணும். எங்க குலசாமி எதுன்னே எனக்குத் தெரியாது.

அப்பா பட்டாளத்துக்காரரு. அம்பாலா, ஜான்சி, ஜபல்பூர்னு குடியிருந்த குவார்ட்டர்ஸ் வாசல் ஒவ்வொண்ணும் கண்ணுக்குள்ள நிக்கிது. நம்ம சாமி எங்கனன்னு கேட்டா, "பட்டாளத்துக் கோயில்தான்டா நமக்கு"ன்னு வாயை அடச்சிருவாரு.

"ஒங்க சாமி எங்கன இருக்குன்னு சொல்லுங்க சம்பந்தி, அங்கனயே போவோம்"னு மருமகளோட அப்பா கேட்டாரு. தெரிஞ்சே கேட்டாரு. சுத்தி நின்னவுக சிரிச்சாக.

மகன்ட்ட, "தேடிப் பாத்துட்டு எடுப்போம்யா"ன்னு போன மாசமே கெஞ்சினேன். "எந்தச் சாமியா இருந்தா என்னப்பா, முடிதான"ன்னான்.

யார் வீட்டுப் பிள்ளைன்னு பூசாரி கேட்டாரு. என் மகன், தன்னோட மாமனார் பேரைச் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்.