எட்டுக் கொம்பு ரவுட்டர் வேண்டாம்

உப்புக்குளம்,
மன்னார்.

அன்பு மகன் முபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாரிகாலத்துப் படலை மாதிரி முனகுகிறது, நீ அந்த வெயிலுக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் என் துஆ. போன் இருக்க உம்மா ஏன் காகிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைப்பதென்றால் ரவுட்டர் இருக்கும் முன் ஹோலில்தான் கதைக்க வேண்டும், அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்குதுகள், இந்த விசயத்தை அதுகளுக்கு முன்னால் கதைக்க ஏலாது. உன் கூட்டாளி பைசர் லீவு முடிந்து டோஹாவுக்கு வருகிறான், உன் வாப்பா போனதிலிருந்து நான் இத்தாவில் இருப்பதால் அந்நிய ஆம்பிளை என்று அவன் உள்ளே வரமாட்டான், பெண்சாதி ஷிஹானா வந்து இதை வாங்கிப் போவாள். சுறாக் கருவாட்டுப் பொதிக்குள் வைக்காமல் தனியாகத்தான் கொடுக்கிறேன், மணக்காது.

புது ரவுட்டர் வாங்கப்போறன், எப்பிடிப்பட்டது வேணும் சொல்லுங்கோ உம்மா என்று கேட்டிருந்தாய். இந்த வயதில் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிற ஆள் நீ ஒருவன்தான், ஆகவே விடாமல் சொல்கிறேன். உள்ளே பற்றரி இருக்க வேண்டும், கரண்ட் போனதும் கண்ணை மூடுகிற சாமான் வேண்டாம். இந்த உப்புக் காற்றுக்கு வயர் செருகுகிற ஓட்டையெல்லாம் துருப்பிடிக்கிறது, வாப்பா இருக்கும்போது பழைய பல்லு பிரசால் சுரண்டிக்கொண்டே இருப்பார், ஓட்டைக்கு மூடி போட்டது கிடைக்குமா என்று கேட்டுப் பார். சுவரில் மாட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது, மேசையில் வைத்தால் பிள்ளைகள் அதற்கு மேல் பாடக் கொப்பியை அடுக்கி விடுகிறார்கள், அதுவும் சூடாகிக் கிடக்கிறது. ஆனால் நீ படம் அனுப்பினாயே, மல்லாத்திப் போட்ட நண்டு மாதிரி எட்டுக் கொம்போடு ஒன்று, அது மட்டும் வேண்டாம் மகன். உங்கட அறைக்கும் எட்டும், கிணத்தடிக்கும் எட்டும், நாலு வீடு தாண்டியும் பிடிக்கும் என்று பெருமையாகச் சொன்னாய். அதுதான் எனக்குப் பயம்.

வாப்பா மௌத்தானதிலிருந்து நான் படலை தாண்டுவதில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். முதல் கிழமை வீடு கொள்ளாத சனம், பிறகு அவரவருக்கு அவரவர் வேலை, நான் குறை சொல்லவில்லை. உன் தங்கச்சி நுஹாவும் புத்தளத்தில் கைக்குழந்தையோடு அல்லாடுகிறாள், அவள்தான் எத்தனை தரம் பஸ் ஏறுவாள். விடிந்தால் சுவரும் நானும் என்று இருந்தபோதுதான் பக்கத்து வீட்டு நிஸ்லா, டேட்டா முடிஞ்சு போச்சு மாமி, ரியூசன் வகுப்பு பார்க்கவேணும், இதில கொஞ்சம் இருக்கட்டுமா என்று வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெட்டைகள். அடம்பனிலிருந்து தயிர் கொண்டு வருகிற அருள்நாயகியும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, பிரான்சில் இருக்கிற மகனோடு கதைத்து, சண்டை பிடித்து, சிரித்து, பிறகுதான் எழும்புவா. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போடுவேன். எங்களை ஊரை விட்டுத் துரத்தின பிறகு புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி வந்த வாப்பா, இனி ஒருத்தராலும் அசைக்க ஏலாது என்று சொல்லிச் சொல்லிக் கட்டின சுவர் இது, அந்தத் தடிப்புக்கு வைபை ஹோலைத் தாண்டாது. வேண்டுமென்றால் உள்ளே வந்து இருக்கத்தான் வேண்டும்.

போன மாதம் ரவுட்டர் சூடாகிறது என்று நிஸ்லா அதைத் தூக்கி ஜன்னலில் காற்றுப் பட வைத்துவிட்டாள். அடுத்த நாள் பின்னேரம் ஒருத்தரும் வரவில்லை. போட்ட தேத்தண்ணி ஆறிப்போனது. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் அவள் தன் வீட்டுப் படியில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இஞ்ச நல்லாப் பிடிக்குது மாமி என்று கையைக் காட்டினாள், நானும் காட்டினேன். அருள்நாயகியும் படலைக்கு வெளியே நின்றே மகனோடு கதைத்துவிட்டு, சட்டியை மதிலுக்கு மேலால் தந்துவிட்டுப் போனா. வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இந்த வீடு அவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை மகன். மறுநாள் நான் ரவுட்டரை எடுத்து இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அன்று பின்னேரமே எல்லாரும் வந்துவிட்டார்கள். ரவுட்டர் பழுதாப் போச்சு மாமி என்றாள் நிஸ்லா, ஓம் பிள்ளை, அப்பிடித்தான் கிடக்கு என்றேன். அவள்தான் உனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள், நீயும் பாவம் கடை கடையாக ஏறத் தொடங்கிவிட்டாய். அதில் ஒரு பழுதும் இல்லை.

அதுகள் சிக்னலுக்குத்தான் வருகுதுகள், எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாசலில் நாலு சோடிச் செருப்பைக் கண்டால் மனம் ஆறுகிறது. எனக்குத் தனிமை பொறுக்க முடியவில்லை, உன்னிடம் மறைத்து என்ன. நான் படுத்திருந்தே உன்னோடு கதைக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய், அதற்கென்ன, போனை ஹோலிலேயே வைத்திருக்கிறேன், அடித்தால் முழங்கால் நொந்தாலும் எழும்பி வருவேன். ஆகவே ஹோலுக்கு மட்டும் எட்டுகிற, கடைக்காரன் முகம் சுழித்து எடுத்துத் தருகிற சாமான் எதுவோ அதைப் பார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, பகல் வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே, சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறாய் என்று பைசர் ஷிஹானாவிடம் சொல்லிவிட்டிருந்தான், சந்தோசப்பட்டேன். அல்லாஹ் உனக்கு உடம்பில் பலமும் தொழிலில் பரக்கத்தும் தருவானாக. நிஸ்லாவிடம் அலுமாரிக் கதையை மூச்சு விடாதே. இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். இத்தா முடியிறதுக்குள்ள வாறன் உம்மா என்று முதலில் சொன்னாய், பிறகு லீவு இல்லை, ரவுட்டரைக் கார்கோவில் போட்டு விடுறன் என்றாய். கார்கோவில் வருவதென்றால் ஒற்றைக் கொம்பு போதும். நீ கையில் கொண்டு வருவதென்றால் அந்த நண்டையே வாங்கி வா, உப்புக்குளம் முழுக்க எட்டட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் உம்மா
சரீபா