நாற்பத்தொன்பதுக்கு முன்னால் ஒரு ப்ளஸ்

என் எஸ்தரு,

நிம்மதியாகத் தூங்குகிறாயாடி? எழுப்புகிறேன், திட்டாதே. இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உன்னைத் துரத்திய அதே ட்யூஷன் சென்டரில் நான் கெமிஸ்ட்ரி மிஸ்ஸாகச் சேர்ந்தேன். "பெரிய காஞ்சிபுரத்துல வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பல் முளைக்கிற காய்ச்சலோடு குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு, அழுகிறாளோ, பால் குடித்தாளோ என்று பதறிக்கொண்டேதான் போய் வருகிறேன். ஏன் போகிறேன் என்று உனக்குத் தெரியாதா? மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதன்மேல் யார் கோபப்பட முடியும்? ஆனால் கடைசி மாசம் முழுக்க உன்னைத் தலைகுனிய வைத்தவன் அந்த சென்டரை நடத்துகிற ஆள். அவனை எப்படி விடுவது?

அன்று ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவிலிருந்து போன் செய்தாயே.

"உமா, பென்சீன் உருவாகிற வெப்பம் ப்ளஸ்ஸுதானே?"

"ப்ளஸ்தான்டி. நாப்பத்தொம்போது. ஏன்?"

"பசங்க முன்னாடியே அழிச்சுட்டு மைனஸ் போட்டுட்டாரு. கோட்டாவுல பாஸானவங்க கணக்கு இப்படித்தான் இருக்கும்னாரு. நாளையிலேர்ந்து வர வேணாமாம்."

அதற்கப்புறம் ஆட்டோ சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்றைக்குப் பெற்றோர் கூட்டம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னான். அதே கணக்கை போர்டில் எழுதினேன். கரியும் ஹைட்ரஜனும் நேராகச் சேர்ந்து பென்சீன் ஆவதை அளக்க முடியாது. அதனால் கரி, ஹைட்ரஜன், பென்சீன் மூன்றையும் தனித்தனியாக எரித்து, வந்த வெப்பத்தை வைத்துச் சுற்றுவழியில் கண்டுபிடிக்க வேண்டும் என்று விளக்கினேன். "விடையை சாரே போடட்டும்" என்று சாக்பீஸை நீட்டினேன். சிரித்தேன்.

"இதை நான் தூக்கத்துலயே போடுவேம்மா" என்று எழுந்து வந்தான். விளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழி என்று மனப்பாடம் செய்ததை அப்படியே போட்டான். எரியும் வெப்பம் கொடுத்திருந்தால் தலைகீழாகக் கழிக்க வேண்டாமா? விடை, மைனஸ் நாற்பத்தொன்பது.

முன்வரிசை மாணவி ஒருத்தி விடவில்லை. "சார், ஆறு மோல் கரி, மூணு மோல் ஹைட்ரஜன் தனியா எரிச்சா 3218 கிலோஜூல்தான் வருது. அதுங்களால ஆன பென்சீனை எரிச்சா 3267. கூடுதலா வந்தது எங்கேர்ந்து சார்?"

"அது... புக்குல இருக்கிற வேல்யூம்மா."

"பென்சீனுக்குள்ளயே இருந்ததுதானே சார்? அப்போ உருவாகும்போதே வாங்கி வெச்சுக்கினு இருக்குது. ப்ளஸ்தானே வரணும்?"

பின்னால் யாரோ ஒரு அப்பா சிரித்துவிட்டார். அந்த ஆளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. நான் ஆசைதீரப் பார்த்தேன், எஸ்தரு. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

"இதே போர்டுல எஸ்தர் மிஸ் ப்ளஸ்தான் போட்டாங்க சார். அதுக்குத்தானே அனுப்புனீங்க?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஒரு சைனுக்கு இவ்ளோ பேச்சாம்மா? போய்ச்சேர்ந்த பொண்ணு..." என்று முனகிக்கொண்டே டஸ்டரை எடுத்து, தன் கையாலேயே மைனஸை அழித்தான். ப்ளஸ் போட்டான். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

உனக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை. நாளைக்கே என்னை நிறுத்திவிடுவான். பயமாகத்தான் இருக்குது, கைக்குழந்தைக்காரி நான். நிறுத்தட்டும். அவன் சென்டருக்கு நேர் எதிரே ஒரு மாடியை வாடகைக்குப் பேசிவிட்டேன். அவனிடம் படிக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுப்பேன். பலகையில் 'எஸ்தர் கெமிஸ்ட்ரி ட்யூஷன்' என்று தெருமுனைக்குத் தெரிகிற அளவில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அவன் உன் பெயரைப் படித்தாக வேண்டும். சத்தியம்டி.

கூடப் பிறக்காத உன் அக்கா,
உமா