அனைவரும் வரலாம்

12 அக்டோபர் 2007

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பொருளாதாரத்துக்கு இந்த வருஷமும் பிள்ளைகள் சேரவில்லையாம். வருகிற ஜூனிலிருந்து எங்கள் துறையின் பெயர் ‘வணிக மேலாண்மை’. பெயர்ப் பலகைக்குச் சொல்லியாகிவிட்டது.

“அப்ப நான் சார்?”

“டாக்டர் பட்டத்தோட வாங்க அக்னஸ் மேடம், நீங்கதான் துறைத்தலைவர். ஜூனுக்குள்ள வரலைன்னா என் கையில ஒண்ணும் இல்லை.”

கல்லூரி அவருடையது, கட்டடம் அவருடையது, பஸ்கூட அவருடையது. அவர் கையில் இல்லாதது எதுவென்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். கம்ப்யூட்டர் லேப் வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். பெரிய கோயில் தோற்றது போங்கள்.

15 அக்டோபர்

ஆய்வேட்டின் முழுப் பிரதியையும் நெறியாளர் குஞ்சிதபாதம் சாரிடம் கொடுத்திருந்தேன். இன்று திருப்பிக் கொடுத்தார். காவிரி பொய்த்த வருஷங்களில் கோனேரிக்கட்டளையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன கூலிக் குடும்பங்களைப் பற்றியது. யார் போனார்கள், யார் திரும்பினார்கள், ஏன் திரும்பினார்கள். எல்லாம் தமிழில்.

“நல்லா எழுதியிருக்கேம்மா. அதுலயும் ‘மண் அழைத்தது’ங்கிற இயல் கண்ணுல தண்ணி வர வச்சிடுச்சு. ஆனா பொருளாதாரத்தைத் தமிழ்ல எழுதினா எந்த ஜர்னல்ல போடுவே? பேசாம இங்கிலீஷ்ல மாத்திடு.”

“தமிழ்ல எழுதலாம்னு விதியில இருக்கே சார்.”

“விதியில என்னென்னவோ இருக்கும்மா.”

இவர் யார்? எழுபதுகளில் கல்லூரிக்குத் தமிழில் பொருளாதாரப் பாடநூல் எழுதியவர். அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நான் பி.ஏ. பாஸ் செய்தேன். இப்போது அது அவர் அலமாரியில் இங்கிலீஷ் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அன்று எழுதச் சொன்னார்கள், எழுதினார். இன்று வேண்டாம் என்கிறார்கள், வேண்டாம் என்கிறார்.

மாற்ற மாட்டேன். அந்தப் பெண்கள் என்னிடம் பேசியது தமிழ். நான் கேட்டதும் தமிழ். நடுவில் இங்கிலீஷ் எதற்கு?

19 அக்டோபர்

வெள்ளிக்கிழமை, மஸ்கட்டிலிருந்து ஜெனித் போன். “தமிழ்ல டாக்டர் பட்டமா? இங்க இண்டியன் ஸ்கூல்ல உனக்கு வேலை கேட்டு வச்சிருக்கேன்டி, அவங்ககிட்ட என்னத்தைக் காட்டுவேன்?” என்று சிரித்தார். காட்ட வேண்டாம், நான் வரவில்லை என்றேன். பிறகு, “சரி, எழுதித் தொலை. எனக்கு ஒரு காப்பி அனுப்பு, இங்க கேம்ப்ல நாலு பேரு படிப்பானுங்க” என்றார்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டது வீண் போகவில்லை.

3 நவம்பர்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். நன்றியுரையில் கடைசியாக இளையபெருமாள் பெயரைச் சேர்த்தேன். கோனேரிக்கட்டளைப் பண்ணைக்காரர் மகன். திருவையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் பைக்தான். வெயிலில் நடக்கவிடாமல் தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். நல்ல பையன்.

20 பிப்ரவரி 2008

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. மார்ச் 14.

அறிவிப்பைப் படித்தேன். “பொது வாய்மொழித் தேர்வு. ஆர்வமுள்ள அனைவரும் வரலாம், ஆய்வாளரிடம் வினாக்கள் எழுப்பலாம்.” எத்தனை அறிவிப்பு பார்த்திருப்பேன், இந்த வரியை ஒரு தடவையாவது படித்திருப்பேனா? எல்லா அறிவிப்பிலும் இருக்கிறது. எந்தத் தேர்விலும் அந்த ‘அனைவரும்’ வந்து நான் பார்த்ததில்லை. துறைக்காரர்கள் வருவார்கள், அடுத்து முடிக்கப்போகிற ஆய்வாளர்கள் வருவார்கள், பிரியாணி வரும்.

22 பிப்ரவரி

என் தோழி லத்தீஃபாவும் குஞ்சிதபாதம் சாரிடம்தான் ஆய்வு செய்கிறாள். இன்று சார் அவள் கையில் மூன்று துண்டுச்சீட்டு கொடுத்தாராம். தேர்வன்று அவளும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து என்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பதில்கள் என்னிடம் முன்கூட்டியே தரப்படும்.

“வழக்கம்தானே அக்கா. என் தேர்வுக்கு நீங்க கேட்கப்போறீங்க. முகத்தை ஏன் இப்படி வச்சுக்கறீங்க?”

சீட்டுகளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அவள் பயந்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? ஆனால் இது பரீட்சையா, காதுகுத்தா? விருந்து, சால்வை, மொய் மாதிரி ஆளுக்கொரு கேள்வி.

2 மார்ச்

கோனேரிக்கட்டளைக்குப் போய்விட்டு வந்தேன். அறுப்பு முடிந்துவிட்டது, பெண்கள் சும்மாதான் இருக்கிறார்கள். ஆய்வேட்டில் ‘மண் அழைத்தது’ இயலுக்கு நான் பேட்டி எடுத்த அகிலாண்டம் வீட்டு வாசலில் நின்று அறிவிப்பைப் படித்துக் காட்டினேன்.

“நாங்க வந்து என்ன பண்ண?”

“உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். சரியா எழுதியிருக்கேனான்னு கேளுங்க.”

“சாப்பாடு உண்டா?”

“உண்டு.”

“அப்ப வர்றோம்.”

13 மார்ச்

அவர்கள் வருவதைச் சாரிடம் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போனது. “அது மரபு இல்லைம்மா.” அறிவிப்பைக் காட்டினேன், அடியில் அவர் கையெழுத்து. விருந்துக்கு எத்தனை இலை கூடும் என்று மட்டும் கேட்டார்.

14 மார்ச்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அகிலாண்டத்தோடு ஒரு பெஞ்சு நிறையப் பெண்கள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பி.எஃப். ஆபீஸ் அந்தப் பக்கம் என்று கை காட்டினாராம். நான் ஓடிப்போய் அறிவிப்பைக் காட்டி அழைத்து வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

நான் பேசினேன். தமிழில் என்பதால் கடைசி வரிசை கேட்டுக்கொண்டிருந்தது. ‘மண் அழைத்தது’ என்ற நான்காம் இயலுக்கு வந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மண் மீதுள்ள பற்றால் குடும்பங்கள் விரும்பித் திரும்பின என்று சொன்னேன். பின்னாலிருந்து சிரிப்பு. முதலில் ஒருத்தி, பிறகு வரிசை முழுக்க.

அகிலாண்டம் எழுந்தது. “யாரு விரும்பினா?”

“நீங்கதானே சொன்னீங்க, அகிலாண்டம்? டேப்ல இருக்கு. ‘நம்ம ஊரு, நம்ம மண்ணு, இதை விட்டுட்டு இருக்க முடியுமா’ன்னு.”

“சொன்னேன். நீ யாரு வண்டியில வந்தே?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“பண்ணை வீட்டுப் புள்ள வண்டியில வந்து இறங்குறே. அது பக்கத்துல நிக்கிது. ஏன் திரும்பி வந்தேன்னு கேக்குறே. அது நடவுக்குக் கூப்பிடணும், நாங்க போவணும். அது முன்னாடி வேற என்னத்தைச் சொல்ல?”

நான் விடவில்லை. எனக்கும் கோபம் வந்தது. “சரி, உங்க நாத்தனார் தண்ணி வந்த மாசமே திரும்பினாங்களா இல்லையா? அப்ப அங்க யாரும் நிக்கலையே?”

“அவ தண்ணிக்கா வந்தா? பிரசவத்துக்கு வந்தா! புள்ள நடக்க ஆரம்பிச்சதும் போயிட்டா.”

சாரின் துறைத்தலைவரே சிரித்துவிட்டார். குஞ்சிதபாதம் சார் பக்கத்தில் வந்து காதோரம், “மேலாய்வுக்குரியதுன்னு சொல்லிடும்மா. அதோட முடிஞ்சிடும்” என்றார். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பதில் தெரியாத எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில், தேர்வாளரும் தலையாட்டிவிட்டு இலைக்குப் போய்விடுவார். பட்டம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜூன், பெயர்ப் பலகை, துறைத்தலைவர் நாற்காலி, எல்லாம்.

புறத்தேர்வாளர் அம்மா சொன்னார்: “இந்தக் கேள்விக்கு ஆய்வாளர் பதில் சொல்லணும்.”

“நான்காம் இயல் தப்பு” என்றேன். “நான் போன விதமே தப்பு. திரும்பப் போய்க் கேட்டு எழுதணும்.”

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். “மத்த இயல்கள் நிக்குது. இதைத் திருத்தி எழுதிட்டு வாங்க. இரண்டாம் தேர்வுக்கும் நானே வர்றேன்.” பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, “நீங்களும் வாங்க” என்றார்.

சாப்பிடும்போது அகிலாண்டம் கேட்டது: “பெயிலா போயிட்டியா?”

“கிட்டத்தட்ட.”

“எங்களாலயா?”

“என்னாலதான். ரசம் ஊத்திக்குங்க.”

15 மார்ச்

அழுதேன். எழுதிவைக்கிறேன், அதிலென்ன வெட்கம்? ஜூனுக்குள் திருத்தி முடியாது, வேலை போனது போனதுதான். ஆனால் வருத்தப்படுகிறேனா என்று கேட்டுப் பார்த்தால், இல்லை. கோபம்தான் வருகிறது. இத்தனை ஆய்வேடுகள் இந்த மாவட்டத்து நெல்லைப் பற்றி, கூலியைப் பற்றி, தண்ணீரைப் பற்றி. எல்லாம் தோலட்டை போட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை ‘மண் அழைத்தது’ இருக்கும்? யாராவது பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருந்தால்தானே தெரியும்?

17 மார்ச்

குஞ்சிதபாதம் சார் என்னோடு பேசவில்லை. அந்த இயலின் தலைப்பு அவர் வைத்தது.

2 ஜூன்

புதுப் பலகை மாட்டியாகிவிட்டது. என் மேஜையைக் காலி செய்தேன். தாளாளர், “உங்க நேர்மையை மதிக்கிறேன் மேடம்” என்றார். மதிப்பை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மே மாதச் சம்பளம் வந்தால் போதும் என்றேன்.

19 ஜூன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். டவுன் பஸ், பிறகு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் இளையபெருமாள் பைக்கை நிறுத்தி, “ஏறுங்க டீச்சர்” என்றார். வேண்டாம் என்றேன். “ஏன், நான் என்ன பண்ணேன்?” அவர் ஒன்றும் பண்ணவில்லை, அது நிஜம். அதைத்தான் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அகிலாண்டம் நாற்றங்காலில் இருந்தது. வரப்பில் காத்திருந்தேன். சாயங்காலம் வரை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. வேண்டுமென்றேதான். இருக்கட்டும்.

20 ஜூலை

வேறு கதைகள் வருகின்றன. மாமியார் படுக்கையில் விழுந்ததால் திரும்பியவள். கம்பெனி விடுதியில் சூப்பர்வைசர் தொல்லை தாங்காமல் திரும்பியவள், அவள் பெயரை எழுதக் கூடாது. ரேஷன் கார்டு இந்த ஊரில் இருப்பதால் திரும்பியவர்கள் நிறைய. மண்ணை யாரும் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும் சொன்னார், ஆசையாகக் குறித்துக்கொண்டேன். அவர் திருப்பூருக்கே போகாதவராம்.

12 ஆகஸ்ட்

திருத்திய இயலைக் கொண்டுபோனேன். குஞ்சிதபாதம் சார் நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். தலைப்பை அடித்துவிட்டு ‘ஏன் திரும்பினார்கள்’ என்று மட்டும் போட்டிருந்தேன்.

“நான் வச்ச தலைப்பு அழகா இருந்துச்சு.”

“இருந்துச்சு சார்.”

கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது அலமாரிப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய பாடநூலை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதுலயும் எத்தனை தப்பு இருக்கோ. அப்ப யாரும் வந்து கேக்கலைம்மா.” முதல் தடவையாக அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

26 செப்டம்பர்

இரண்டாம் தேர்வு. கடைசி வரிசை நிறைந்துவிட்டது, முன்வரிசைக்கும் வந்துவிட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை. அகிலாண்டம் இரண்டு இடத்தில் சண்டை போட்டது. ஒன்றில் நான் விட்டுக்கொடுத்தேன், இன்னொன்றில் விடவில்லை. அதில் நான் சொன்னதுதான் சரி, லத்தீஃபாவைக் கேட்டுப் பாருங்கள்.

பட்டத்துக்குப் பரிந்துரை. டாக்டர் அக்னஸ். ஜெனித்துக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

10 டிசம்பர்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாலை நேர வகுப்பு, தொகுப்பூதியம். பி.காம். பிள்ளைகள். முதல் நாளே ஒருவன், “மேடம், இது எக்ஸாமுக்கு வருமா?” என்றான். வராது, உட்கார் என்றேன். உட்கார்ந்தான்.

4 பிப்ரவரி 2009

பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததாக லத்தீஃபா போன் செய்தாள். இனி பொது வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள், பதிவு செய்த ஆய்வாளர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாமாம். “ஒழுங்கைக் கருத்தில் கொண்டு.”

“உங்களாலதான் அக்கா” என்றாள்.

இத்தனை வருஷம் திறந்தே கிடந்த கதவு. ஒரு பஸ் கூட்டம் பெண்கள் வந்தார்கள், பூட்டு வாங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டும் வந்தது. ‘பொது’ என்ற சொல்லை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அதையும் அடித்துவிட வேண்டியதுதானே?

8 மார்ச்

கோனேரிக்கட்டளை. அகிலாண்டத்திடம் சுற்றறிக்கையைச் சொன்னேன். “அப்ப இனி சாப்பாடு கிடையாதா?” என்றது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “போன மாசம் ஒரு தம்பி வந்துச்சு. நடவு மிஷினு வந்தது பொம்பளைங்களுக்கு நல்லதான்னு கேட்டுச்சு. நல்லதுன்னு சொன்னோம்.”

“நல்லதா?”

அகிலாண்டம் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

16 நவம்பர்

அந்தத் தம்பிக்கு நாளை வாய்மொழித் தேர்வு. இங்கிலீஷ் ஆய்வேடு, நடவு இயந்திரமும் பெண் தொழிலாளர் நலனும். நூலகத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அட்டவணைகள் அழகு. கணக்கில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றியுரையில் இயந்திரம் விற்கிற ஏஜென்ட்டுக்கு நன்றி, ஊர் ஊராக ஜீப் கொடுத்து உதவியதற்கு.

பட்டுக்கோட்டையில் லீவு சொல்லிவிட்டேன். பட்டச் சான்றிதழின் ஜெராக்ஸைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், வாசலில் கேட்டால் காட்ட.

இப்போதுதான் அகிலாண்டம் போன். பக்கத்து வீட்டுச் செல்போனிலிருந்து. “கேப்பியா?” என்று கேட்டது.

“கேப்பேன். என்னன்னு கேக்கணும், சொல்லு.”

“உன்கிட்ட கேட்டதேதான்.”

காலையில் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். அந்தத் தம்பி பேசி முடிக்கட்டும். பிறகு எழுந்து, தமிழிலேயே, ஒரே ஒரு கேள்வி: ஊருக்கு யார் வண்டியில் போனீங்க தம்பி?