வெர்லீனின் மக்கள்தொகை

அன்புத் தங்கைக்கு,

என் கை ஆறிவிட்டது. தூரிகை பிடிக்க முடிகிறது. உன் அத்தானும் நலம்தான்.

வெர்லீனுக்கு இந்தக் கோடையில் நூறு வயதாம். ஊரெல்லைப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழா மலருக்கு ஊரைப் பற்றி ஒரு பக்கமும் எழுத வேண்டுமென்று மேயர் ஹார்லன் சொல்லிவிட்டார். என்னத்தை எழுத? ரயில் வந்ததால் பிறந்த ஊர், ரயில் நின்றும் சாகாத ஊர். சுற்றிலும் கோதுமை, மேலே வானம், நடுவில் உன் அத்தான் வேலை பார்க்கும் தானியக் கோபுரம். அதன் உச்சியில் நின்றால் பன்னிரண்டு மைலுக்கு எந்த வண்டியின் தூசியும் தெரியும். நீ ஊரைவிட்டுப் போனபோது உன் தூசியை அங்கிருந்து இருபது நிமிடம் பார்த்தாராம். சாப்பாட்டு மேசையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், என்னைப் பார்த்தபடி.

இன்று காலை பலகையில் மக்கள்தொகை அறுபது என்று எழுதினேன். ஹார்லன் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அறுபத்தொண்ணுல்ல? போன வாரம்தானே எண்ணினோம். யாரைக் கொன்னே?"

"யாரும் சாகல, ஹார்லன்."

"அப்ப நீ கணக்குல வீக்கு!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்தக் கடிதத்தை அடுத்த ஊரில்தான் தபாலில் போடுவேன். நேற்று முழுக்க நல்ல மழை, மண்சாலை இன்னும் ஈரமாக இருக்கிறது. இன்று எந்த வண்டி போனாலும் தூசி கிளம்பாது.

உன்
அக்கா