போர்வையின் மறுமுனை

மார்ச் 2, திங்கள்

கூடத்துச் சுவரில் இருக்கும் படங்களைத் துடைத்தேன். மகன் வயிற்று மூத்த பேரன், எங்கள் பெரியவன், அவன் கட்டிய பாலத்தின் மேல் தலைக்கவசத்தோடு சிரிக்கிறான். அவன் தங்கை பல் டாக்டர். இந்த வட்டாரத்தில் பாதி வாய் அவள் கை பட்டதுதான். மகள் வயிற்றுப் பேரன், நீச்சலில் வாங்கிய மெடலைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் என் வாலு, பெரியவனுக்குக் கடைசித் தங்கை. அவளுடையது மட்டும் இன்னும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டோ.

இனி மாற்ற வேண்டியதுதான். படிக்கப்போன நாட்டில், அவர்கள் பாஷையிலேயே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள்! பெரிய கம்பெனி இல்லை, சிநேகிதர்கள் கூடி எடுத்த படமாம். வெள்ளிக்கிழமை நம் பக்கத்துத் தெருச் சின்னத் தியேட்டருக்கே வருகிறது. வெளிநாட்டுப் படமாகப் போடுகிற தியேட்டர். அதைத் தாண்டித்தான் மருந்துக்கடைக்குப் போவேன், உள்ளே கால் வைத்ததில்லை.

மருந்துக்கடையில் சொன்னேன். காய்கறிக்கடையில் சொன்னேன். மாடிவீட்டுக்காரியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 3, செவ்வாய்

மாடிவீட்டுக்காரி கேட்கிறாள், "கதாநாயகியா, தோழியா?" "வந்து பாத்தா தெரியும்," என்றேன். எனக்கே தெரியாது. வாலு போனை எடுக்கவில்லை.

மார்ச் 4

இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

எடுத்தாள். குரலே சரியில்லை.

"பாட்டி, நீ அந்தப் படத்துக்குப் போகாத."

"ஏன்டி? தெருவையே கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ! நான் நடிச்சதெல்லாம் வெட்டிட்டாங்க. ஒரே ஒரு இடத்துல வரேன், அதுவும் முதுகு."

திங்கட்கிழமை இன்னொரு படத்துக்கு ஆள் பார்க்கிறார்கள், இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகமாட்டாளாம். "அப்பா சொன்னதுதான் சரி. கணக்குப் படிப்புக்கே திரும்பிடறேன்."

மகனிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "நல்லதாப் போச்சும்மா. ஆசை தீந்துச்சுல்ல," என்கிறான். ஆசை என்ன ஜுரமா, மாத்திரை போட்டால் இறங்க?

தெருவில் என்ன சொல்வேன் — அட, தெரு கிடக்கட்டும். அந்தப் பிள்ளை அழுகிறாளே.

மார்ச் 6, வெள்ளி

போனேன். மாடிவீட்டுக்காரியை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி சென்ட் அடித்துக்கொண்டு வந்தாள்.

டிக்கெட் கிழிக்கிறவரே காபியும் விற்கிறார், ஓடிப்போய்ப் படத்தையும் போடுகிறார். "என் பேத்தி இதுல வரா," என்றேன், பழக்கதோஷம். "எந்த வேஷம் பாட்டி?" "முதுகு." மனுஷன் சிரிக்கவில்லை. "முன்னாடி உக்காருங்க, எழுத்து பெரிசாத் தெரியும்," என்றார்.

திரையின் அடியில் அவர்கள் பேச்சு நம் எழுத்தில் ஓடுகிறது. நான் படித்தது ஐந்தாவது. ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். சலவைக்கடை நடத்துகிற ஒருத்தி. கப்பலில் போன புருஷன் திரும்பவில்லை. சிரிப்பையே மறந்துபோன முகம்.

அப்புறம் அந்த இடம். கடையில் வேலை செய்யும் பெண்ணோடு போர்வை மடிக்கிறாள். வேலைக்காரப் பெண்ணின் முதுகுதான் தெரிகிறது. கொண்டையில் பென்சில். வாலு வீட்டிலும் அப்படித்தான் செருகிக்கொள்வாள். அந்த முதுகு தன் முனையைப் பிடித்து, வெடுக்கென்று ஒரு இழு! எதிரே நின்றவள் தடுமாறி, விழப்போய், சிரித்தாளே ஒரு சிரிப்பு! தியேட்டரே சிரித்தது.

மொட்டைமாடியில் என்னோடு போர்வை மடிக்கும்போதெல்லாம் செய்கிற அதே குறும்பு. "கையை ஒடிச்சிடாதடி வாலு" என்று நான் கத்தாத நாள் உண்டா?

மாடிவீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "உங்க பேத்தி எதுங்க?"

"இழுத்தாளே, அவதான்."

"அவளா! அவ இழுக்கலன்னா அந்தப் பாவி சிரிச்சே இருக்க மாட்டா," என்றாள். இவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை!

போகும்போது போஸ்டரைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புதான் போஸ்டர். ஓரத்தில் போர்வையின் மறுமுனை, அதைப் பிடித்த இரண்டு கை. எங்கள் வீட்டுக் கை.

மார்ச் 7, சனி

"அப்படி இழுக்கச் சொன்னாங்களா?" என்று வாலுவைப் போனில் கேட்டேன்.

"எங்க சொன்னாங்க! பழக்கத்துல இழுத்துட்டேன். டைரக்டர் திட்டுவார்னு பயந்துட்டேன்."

"திட்டினாரா?"

"இல்ல. அதைத்தான் படத்துல வச்சுக்கிட்டார்."

"அப்ப அழுறதை விட்டுட்டு மூஞ்சியக் கழுவு. திங்கட்கிழமை அதைக் காட்ட வேண்டாமா?"

சிரித்துவிட்டாள். போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

போனாளா? கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

மார்ச் 14, சனி

படத்தை இன்னொரு வாரம் ஓட்டுகிறார்களாம். மகன் எங்கோ போய்விட்டு மத்தியானம் தாண்டி வந்தான். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்தான். "அந்த முனையைப் புடிங்கம்மா" என்றான். பிடித்தேன்.

வெடுக்கென்று இழுத்தான், தடியன்! இந்த வயசில் நான் விழுந்தால் யார் பார்ப்பது? சட்டைப்பையிலிருந்து தியேட்டர் டிக்கெட் எட்டிப் பார்த்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

வாலுவே கூப்பிட்டாள். போயிருக்கிறாள். எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! பேசுகிற வேஷமாம். முதலில் அப்பாவிடம்தான் சொன்னாளாம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டால், "அது எனக்கும் அப்பாவுக்கும்," என்கிறாள். இருக்கட்டும்.

யூனிஃபார்ம் போட்டோவைக் கழற்றிவிட்டேன், ஆணி காலியாக இருக்கிறது என்றேன். "போன்ல போட்டோ அனுப்பறேன் பாட்டி." போனில் வருவதை எந்த ஆணியில் மாட்டுவது? பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு என்றேன். முகம் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். போர்வையைப் பிடித்த அந்த இரண்டு கையும் நன்றாகத் தெரிய வேண்டும்.