கதவை மூடியது நான்தான்

என் ஆசை மாமா,

ஜெயிலிலிருந்து வந்துவிட்டேன். அக்கா இன்னும் என் முகத்தில் விழிக்கவில்லை. "எம்புருசன அடிச்ச கை என் வூட்டுல சோறு திங்கக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பினாள். நியாயம்தானே?

கொள்ளிடத்துப் பவர்ஹவுஸில் நீங்கள் ஆபரேட்டர். கடலுக்கு முட்டையிடப் போகும் விலாங்கு மீன்கள் கரண்டு எடுக்கும் மிஷினில் சிக்கித் துண்டு துண்டாக வருவதைப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தீர்கள். ஐப்பசியில் அவை இறங்கும்போது பக்கத்து மதகுக் கதவைத் திறந்து வழிவிட ஆரம்பித்தீர்கள். அந்தத் தண்ணீர் கரண்டாகாது. "பத்து நாளைக்கு ரெண்டுல ஒரு மிஷின நிறுத்துனா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று ஆபீசர்களிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினீர்கள்.

அந்த வருடம் ஆற்றில் மேலேயிருந்து தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் மழை இல்லை. கரும்பு கருகிக்கொண்டிருந்த காலையில் மோட்டார் நின்றது. மீனுக்குக் கதவைத் திறந்ததால்தான் கரண்ட் போச்சு என்று யாரோ சொன்னதும் கிளம்பிவிட்டோம். எங்களில் ஒரு முட்டாளாவது யோசித்தானா?

"விலாங்கு ஒனக்கு மாமனா மச்சானா?" என்று கத்தி, மண்வெட்டிக் காம்பால் முதல் அடி அடித்தது நான். பல் தெறித்தது. பிறகு பத்துப் பேர் பாய்ந்தார்கள். கதவின் இரும்புச் சக்கரத்தில் உங்கள் மண்டை மோதிய சத்தம் இப்போதும் கேட்கிறது.

"தங்கராசு, கதவ மூடிடாதடா. எறங்குதுடா."

அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. நான் மூடினேன். சக்கரத்தில் இருந்த ரத்தத்தில் கை வழுக்கியது. நிறுத்தியிருந்த மிஷினையும் அங்கிருந்த உதவியாளை மிரட்டிப் போட வைத்தோம்; இரண்டு மிஷினும் ஓடின. கீழே வந்து விழுந்த துண்டுகள் துடித்தன. நீங்களும் துடித்தீர்கள், மாமா.

மோட்டார் மட்டும் ஓடவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி மோதி ஊர் எல்லையில் கம்பம் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் உங்களைக் கொன்றோம்.

புது ஆபரேட்டர் கதவைத் தொடுவதில்லை. அரியலூர் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். "மறுபடி ஊரே அடிக்க வந்தா யாருய்யா பொறுப்பு?" என்றார் ஆபீசர். "நான் சார்" என்று கையெழுத்துப் போட்டேன். பத்து நாளைக்கு ஒரு மிஷினை நிறுத்தவும், கதவை நான் திறக்கவும் சம்மதித்துவிட்டார்.

இந்த ஐப்பசியில் அந்தச் சக்கரத்தைச் சுற்றிக் கதவை நானே திறப்பேன். கூட்டம் வந்தால் வரட்டும். மண்டை உடைந்தாலும் மூட விட மாட்டேன்.

உங்களை முதலில் அடித்த,
உங்கள் மச்சினன்
தங்கராசு