சோற்றுக்கு முன் ஆமென்

செப்டம்பர் 23, செவ்வாய்

இரவு கம்சிகா கண்ணை மூடிக் கைகூப்பி, "ஆமென்" என்றுவிட்டுத்தான் புட்டில் கை வைத்தாள். ஐந்து வயது. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருமுனையில் இருப்பது வெறும் கவுன்சில் பள்ளிக்கூடம், சேர்ச் பள்ளிக்கூடம்கூட இல்லை. காலைக் கூட்டத்தில் பழக்கியிருக்கிறார்கள். சஞ்சயனும் சேர்ந்து "ஆமென்" என்றார். எனக்குப் புட்டு இறங்கவில்லை.

"சும்மா பயப்பிடாதையும் சுவர்ணா. சாப்பிட முன்னம் பிள்ளை ஒரு நிமிஷம் வாய்மூடி இருக்கிறாள். அதுக்கு நன்றி சொல்லும்."

இந்த மனுஷனுக்கு எல்லாமே பகிடி.

செப்டம்பர் 26, வெள்ளி

முழுகவார்த்து, சாமிப் படத்தடியில் திருநீறு பூசிவிட்டேன். பள்ளிக்கூடக் கேட்டடியில் வழமைபோல வைப்ஸ் ஈரத்தாள் எடுத்துத் துடைத்தும் விட்டேன். மற்றப் பிள்ளைகள் ஏதும் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்?

"ஏன் அம்மா பூசிப் பூசித் துடைக்கிறீங்கள்?"

"நேரம் போச்சு, நட."

செப்டம்பர் 29, திங்கள்

தெற்கு லண்டன் மிச்சமிலிருந்து சஞ்சயனின் தங்கச்சி துசியந்தி மச்சாள் போன் எடுத்தா. "இண்டைக்கு ஆமென், நாளைக்கு ஞானஸ்நானம்." சமய பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கத் தாய் தகப்பனுக்கு உரிமை உண்டாம். காரணமும் சொல்லத் தேவையில்லையாம்.

சஞ்சயனிடம் சொன்னேன். "என்ரை தங்கச்சி யாழ்ப்பாணத்திலை பத்து வருஷம் கொன்வென்றிலை படிச்சவள். அவளுக்கு எப்ப ஞானஸ்நானம் நடந்தது?"

அக்டோபர் 1, புதன்

அனுப்பிவிட்டேன். பட்டம் படித்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டி ஒரு மின்னஞ்சல். காலைப் பிரார்த்தனை, சமய பாடம் — இரண்டிலிருந்தும் முழுவதுமாக. ஓட்டை ஏதும் இருக்கக்கூடாதென்று 'முழுவதுமாக' என்பதை நானே பிறகு சேர்த்தேன்.

வகுப்பாசிரியை மிஸ் பென்னட் மரியாதையாகப் பதில் போட்டிருந்தா. அந்த நேரங்களில் கம்சிகா நூலக மூலையில் உதவி ஆசிரியையோடு இருப்பாளாம்.

அக்டோபர் 8, புதன்

"சமய பாட நேரம் என்ன செய்தனீ?"

"முயலுக்குக் கலர் அடிச்சனான்."

"வேறை?"

"இன்னொரு முயலுக்கு."

நல்லது. முயலுக்குச் சமயம் இல்லை.

"ஈஸ்டருக்கு முயல்தானே முட்டை கொண்டு வாறது," என்றார் சஞ்சயன். "அதையும் நிப்பாட்டச் சொல்லி எழுதும்."

அக்டோபர் 15, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாருடைய கையிலும் மாவில் செய்த விளக்கு, மினுக்கம் ஒட்டியபடி. கம்சிகாவின் கையில் முயல்.

இன்றைய சமய பாடம் தீபாவளி.

"வகுப்பிலை கிரேஸ் சொன்னாள், தீபாவளி எங்கடை இல்லையாம். எங்கடை எண்டால் நானும் உள்ளுக்கு இருந்திருப்பனாம்."

முழுவதுமாக — நான்தானே எழுதினனான். வகுப்பிலை இருக்கிற ஒரே சைவப் பிள்ளை, தீபாவளிப் பாடத்துக்கு வெளியிலை. இதை யாரிட்டைப் போய்ச் சொல்லுறது?

சஞ்சயன் பகிடி விடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மிஸ் பென்னட்டைப் பார்த்தேன். எங்கள் பாடத்துக்கு மட்டும் உள்ளே, மற்றதுக்கெல்லாம் வெளியே என்று செய்ய ஏலுமா? ஏலுமாம். "ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் எழும்பிப் போவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்," என்றா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. பிறகு, நாளைக்கு வகுப்புக்கு வந்து உங்கள் வீட்டுத் தீபாவளி பற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டா. தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் — எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? எண்ணெய் முழுக்கு, புது உடுப்பு, ஆட்டிறைச்சிக் கறி. விளக்குக்கூட எங்களுக்குக் கார்த்திகைக்குத்தானே.

"இறைச்சிக்கறியை விட்டிடாதையும்," என்றார் சஞ்சயன். "எனக்குச் சமயம் எண்டாலே அதுதான்." பகிடி திரும்பி வந்துவிட்டது. அப்பாடா.

அக்டோபர் 17, வெள்ளி

நரகாசுரன் கதை சொன்னேன். செத்தவனே ஏன் தன் சாவைக் கொண்டாடச் சொன்னான் என்று கிரேஸ் கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை என்றேன். பிறகு கம்சிகா கையை உயர்த்தினாள், யாரோ மிஸ்ஸைக் கேட்பதுபோல.

"ஏன் நெற்றியில் திருநீறு பூசுகிறீர்கள்? பூசிவிட்டு ஏன் துடைக்கிறீர்கள்?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. பூசுவது ஏன் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வரி மின்னஞ்சல். கம்சிகா எல்லாவற்றுக்கும் உள்ளேயே இருக்கட்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

பள்ளிக்கூடக் கிறிஸ்மஸ் நாடகம். இயேசு பிறந்த கொட்டிலில் கம்சிகாதான் கழுதை.

காலையில் கேட்டடியில் வழமைபோல முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், துடைக்கட்டும் என்று. வைப்ஸ் பைக்குள்தான் இருந்தது. முடிஞ்சுபோச்சு என்று சொன்னேன்.

நாடகம் பார்க்க மிச்சமிலிருந்து மச்சாளும் வந்திருந்தா. கரோல் பாட்டு ஒன்றுக்கும் அவவுக்குத் தாள் தேவைப்படவில்லை. கடைசியில் மண்டபமே "ஆமென்" என்றது. மச்சாளின் குரல்தான் உரத்துக் கேட்டது. சஞ்சயன் என் காலை மிதித்தார்.

கழுதை எங்களைக் கண்டு கையாட்டியது. காது வைத்த தொப்பி பின்னுக்குச் சரிந்தது. நெற்றியில் மூன்று கோடும் அப்படியே.